முதல் ரெண்டு கிலோமீட்டர்

நான் மராத்தான் ஓடப்போவதாக அறிவித்தது, 2024 ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாம்பார் சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும் நடுவே.

எங்கள் ஆபீஸில் என்னைத் தவிர பதினோரு பேர் ஒரே மேஜையில் டிபன் பாக்ஸ் திறப்பார்கள். அன்றைக்குக் கம்பெனி செலவில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் கவர் கவராக வந்திருந்தன. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்று ஒன்று பார்க்கிறார்களே, ஹெச்.பி.ஏ.ஒன்.சி., அது எனக்கு 6.1. அதாவது 5.7-க்குக் கீழே இருந்தால் ஆசாமி ஓ.கே. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதிக்காரன். நான் நடுவே, ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலுமாக டவுன் பஸ்ஸில் தொங்குகிறவன் மாதிரி இருந்தேன்.

"சார், இந்த ஃபைனான்ஷியல் இயர்ல உங்க தொப்பை மட்டும்தான் நல்ல குரோத் காட்டியிருக்கு" என்றான், போன வருஷம் சேர்ந்த ஜூனியர் பையன். பதினோரு பேரும் சிரித்தார்கள். அதிலே மானேஜர் சிரித்ததுதான் தாங்கவில்லை. அவருடைய தொப்பை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் டிபன் பாக்ஸைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஜனவரியில சென்னை மராத்தான் வருது. நான் ஓடறேன். பாதியெல்லாம் இல்லை, முழுசு. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஓடலேன்னா உங்க பதினோரு பேருக்கும் மட்டன் பிரியாணி!"

வாயிலிருந்து வார்த்தை வெளியே வந்த அடுத்த நிமிஷம், அதைப் பிடிக்க ஓட வேண்டும் போலிருந்தது. அதுவே முடியாது என்பதுதான் அன்றைய உடல் நிலைமை.

என்னைப் பற்றி ரெண்டு வரி. வயசு முப்பத்தேழு. பி.காம். பகலில் கிண்டியில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதுகிறேன். ரெண்டுமே உட்கார்ந்து செய்கிற வேலை. எடை எழுபத்தெட்டு கிலோ. கடைசியாக ஓடியது எட்டாம் வகுப்பு ஸ்போர்ட்ஸ் டேயில், அதுவும் நாய் துரத்தியதால் ட்ராக்கை விட்டு வெளியே.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் நிமிரவே இல்லை. "முக்குக் கடையில பால் பாக்கெட் வாங்கவே வண்டி எடுக்கறீங்க. முதல்ல அதை நடந்து போய் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

ரோஷம் வந்தது. உடனே செல்போனில் பெயர் கொடுத்துப் பணம் கட்டினேன். கட்டின பணம் திரும்பி வராது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தான். ஒரு நடுத்தர வர்க்கத்து ஆம்பிளையை அதிகாலை நாலரைக்கு எழுப்பும் சக்தி உடல்நலத்துக்குக் கிடையாது. திரும்பி வராத பணத்துக்குத்தான் உண்டு.

அடுத்து ஷூ. 4,800 ரூபாய். பில்லை மனைவியிடம் காட்டாமல் இன்கம்டாக்ஸ் ஃபைலுக்குள் வைத்தேன். அங்கே மட்டும்தான் அவள் தேட மாட்டாள். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக் மராத்தானில் பதினோராவதாக வந்த நம் சிவ்நாத் சிங், வெறுங்காலோடு ஓடுவதற்குப் பெயர் போனவர். 1978-ல் ஜலந்தரில் அவர் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடியது, நாற்பது வருஷத்துக்கு மேல் இந்திய சாதனையாக அசையாமல் நின்றது. அவருக்கு ஷூ தேவைப்படவில்லை. எனக்கோ கால் தவிர எல்லாமே தேவைப்பட்டது.

*

பெசன்ட் நகர் பீச்சில் விடிகாலையில் ஓடுகிற கும்பல் ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டேன். அங்கே எங்களுக்கெல்லாம் வாத்தியார், ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆன ஒருத்தர். அறுபத்தாறு வயசு. உடம்பு முருங்கைக்காய். 'கார்டு சார்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கொடி, விசில் ரெண்டும் கையில் இல்லை என்பதைத் தவிர இன்னும் டியூட்டியில் இருப்பது போலவே நடந்துகொள்வார்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஓடியது. 'ஓடியது' என்றால் மாதங்கள். நான் முதலில் நடந்தேன், பிறகு நடையும் ஓட்டமுமாக, கடைசியில் எட்டு கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிற அளவுக்கு வந்தேன். வேகம் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிஷம். ஆனால் ஆபீஸில் கேட்டால் 'ஆறு, ஆறேகால்' என்று சொல்லி வைத்திருந்தேன். கணக்கு எழுதுகிறவன் செய்யக்கூடாத காரியம்தான். என்ன செய்வது, மானேஜர் கேட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் கடைசியில் கார்டு சார் கூப்பிட்டார். "தம்பி, தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை மெரினாவில பத்து கிலோமீட்டர் ஒண்ணு இருக்கு. பேர் குடுத்துடுங்க."

"சார், நான் நாற்பத்திரண்டு ஓடப்போறவன். பத்து எதுக்கு?" என்றேன், கொஞ்சம் தலைக்கனத்தோடு.

"நேரா முழுப் பரீட்சைக்கா போவீங்க? பள்ளிக்கூடத்துல காலாண்டு, அரையாண்டுன்னு எதுக்கு வெச்சிருக்கான்?"

யோசித்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் ஏறக்குறைய கால் மராத்தான். இருபத்தொன்று அரை மராத்தான். காலாண்டில் ஃபெயிலானால் அப்பாவிடம் அடியோடு போகும். முழு ஆண்டில் ஃபெயிலானால் ஒரு வருஷம் போகும்.

கார்டு சார் மேலும் விளக்கினார். தனியாக பீச்சில் ஓடுவது வேறு, மார்பில் நம்பர் குத்திக்கொண்டு ஆயிரம் பேரோடு ஓடுவது வேறு. அன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தால் வயிறு சமாதானமாகும், இட்லி ஒத்துக்கொள்ளுமா, வாழைப்பழமா, ஓடிக்கொண்டே தண்ணீர் குடித்தால் புரை ஏறுமா, ஷூ எந்த விரலைக் கடிக்கும், பனியன் எங்கே உரசும், எல்லாவற்றையும் சின்னப் பந்தயத்திலேயே தெரிந்துகொண்டுவிட வேண்டும். (உரசுகிற இடத்தில் வாஸ்லின் தடவ வேண்டும். எந்த இடம் என்பதைக் குடும்பப் பத்திரிகை என்பதால் விட்டுவிடுகிறேன்.)

"முக்கியமா ஒண்ணு, தம்பி. கூட்ஸ் வண்டி மாதிரி கிளம்பணும், எக்ஸ்பிரஸ் மாதிரி வந்து சேரணும். முதல் ரெண்டு கிலோமீட்டர்ல எல்லாரும் உங்களை முந்திக்கிட்டுப் போகணும். போகலேன்னா நீங்க தப்பா ஓடறீங்கன்னு அர்த்தம்."

தலையாட்டினேன். மண்டையில் ஏறவில்லை.

*

கார்டு சார் சொன்னதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. பி.காம். பாஷையில் சொன்னால் சுலபம்.

ஓட ஒரு கிலோமீட்டருக்கு, உங்கள் எடை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை கலோரி செலவு. எழுபத்தெட்டு கிலோ ஆசாமி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினால் 3,300 கலோரி பக்கம் ஆகும். ஆனால் தசையிலும் கல்லீரலிலும் சர்க்கரையாகச் சேர்த்து வைத்திருக்கிற கையிருப்பு சுமார் 2,000 கலோரிதான். இது கல்லாப்பெட்டியில் இருக்கிற ரொக்கம். கேட்ட நிமிஷம் கிடைக்கும். மீதி? கவலை வேண்டாம், தொப்பையில் கொழுப்பாக லட்சக்கணக்கில் இருக்கிறது. ஆனால் அது ஃபிக்ஸட் டெபாசிட். உடைக்க நேரம் பிடிக்கும். மெதுவாக ஓடினால் டெபாசிட்டிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டு ரொக்கத்தை மிச்சம் பிடிக்கலாம். வேகமாக ஓடினால் உடம்பு காத்திருக்காது, கல்லாவில் கை வைத்துவிடும். அதனால்தான் மராத்தானில் முப்பதாவது கிலோமீட்டர் பக்கம் பலர் திடீரென்று சுவரில் மோதினது போல நின்றுவிடுகிறார்கள். திவால்!

பத்து கிலோமீட்டரில் கல்லா காலியாகாது. அவசரப்பட்டுக் கிளம்பினால் மூச்சு வாங்கும், கால் கனக்கும், நேரம் கொஞ்சம் கூடும், மானம் கொஞ்சம் போகும். அவ்வளவுதான். அதே தப்பை நாற்பத்திரண்டில் செய்தால் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர் நரகம். தப்பை மலிவான இடத்தில் செய்து பார்க்கத்தான் சின்னப் பந்தயம்.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலிக்காரர் டொராண்டோ பியத்ரி என்பவர் முதல் ஆளாக ஸ்டேடியத்துக்குள் வந்தார். வந்தவர் தப்பான பக்கம் திரும்பினார், விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். பார்க்கச் சகிக்காமல் அதிகாரிகள் தாங்கிப் பிடித்துக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். உதவி வாங்கினதால் பரிசு ரத்து. அந்த லண்டன் பந்தயத்தில்தான் தூரம் 42.195 கிலோமீட்டர் ஆனது. 1896-ல் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் மராத்தான் நடந்தபோது சுமார் நாற்பதுதான். லண்டனில் வின்ட்ஸர் கோட்டையில் ஆரம்பித்து ஸ்டேடியத்தில் ராஜ குடும்பம் உட்கார்ந்த மேடைக்கு முன்னால் முடித்ததில் ரெண்டு சொச்சம் கூடிப்போயிற்று. 1921-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். ராஜ குடும்பம் ஒருநாள் சௌகரியமாகப் பார்த்ததற்கு உலகம் முழுக்க இன்னும் கால் வலிக்கிறது.

*

அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரை. நேப்பியர் பாலத்துப் பக்கம் ஒரே கூட்டம். ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு. இருட்டில் எல்லோரும் ஒரே கலர் டீ-ஷர்ட்டில் இருந்தோம். என் நெஞ்சில் நம்பர். நாலு ஊக்குகளையும் மனைவிதான் குத்திவிட்டாள். குத்தும்போது, "மெதுவா ஓடுங்க" என்றாள். கார்டு சாரும் அவளும் ஒரே கட்சி.

ஜூனியர் பையனும் வந்திருந்தான். ஓட இல்லை. கையில் செல்போனோடு, பிரியாணிக்குச் சாட்சியாக. "சார், ஆபீஸ் வாட்ஸப் குரூப்ல லைவ் போடறேன்!"

திட்டம் கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம், மொத்தம் எழுபது நிமிஷம். கார்டு சார் எழுதிக் கொடுத்த சீட்டு பாக்கெட்டில் இருந்தது.

விசில் அடித்ததும் சீட்டு ஞாபகத்தில் இல்லை. குத்துப்பாட்டு காலுக்குள் புகுந்துகொண்டது. பக்கத்தில் ஒருத்தன் சீறிக்கொண்டு போனான், பின்னாலேயே சீறினேன். லைவ் வேறு ஓடிக்கொண்டிருக்கிறதே! முதல் கிலோமீட்டர் 5 நிமிஷம் 40 செகண்ட். வாழ்க்கையிலேயே அப்படி ஓடினதில்லை. உழைப்பாளர் சிலையைத் தாண்டும்போது பார்த்தேன். 1959-லிருந்து பாறையை நெம்பிக்கொண்டிருக்கிற அந்த நாலு பேரை ஏதோ சோம்பேறிகளைப் பார்ப்பது போலப் பார்த்தேன். அவ்வளவு கர்வம்.

ரெண்டாவது கிலோமீட்டர் 5.55. என்னை யாரும் முந்தவில்லை. நான்தான் மற்றவர்களை முந்திக்கொண்டிருந்தேன். அதுதான் அபாய அறிவிப்பு என்று கார்டு சார் சொன்னது, மாநிலக் கல்லூரி வாசலில் லேசாக ஞாபகம் வந்து, விவேகானந்தர் இல்லத்து வாசலில் மறந்துபோயிற்று.

மூன்றாவது 6.20. நாலாவது 6.50. கலங்கரை விளக்கத்துப் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்த இடத்தில் ரோடு குறுகியது. அங்கேதான் முதல் முறையாக யாரோ என்னை முந்தினார்கள். பிறகு வரிசையாக முந்தினார்கள். சாந்தோம் தேவாலயத்தைத் தாண்டித் திரும்புகிற இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். 32 நிமிஷம். திட்டத்தைவிட மூன்று நிமிஷம் முன்னால்! ஆனால் எனக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை. வாய் உலர்ந்து, நாக்கு மேலண்ணத்தில் தபால்தலை மாதிரி ஒட்டிக்கொண்டது. அக்டோபர் கடைசி மெரினா புழுக்கம் உங்களுக்குத் தெரியும். வியர்வை ஆறாது, சும்மா வழியும்.

ஆறாவது கிலோமீட்டர் 8 நிமிஷம். ஏழாவதில் இடது பக்கம், விலாவுக்கு மேலே, ஏதோ பிடித்தது.

விலாப் பிடிப்புதான். ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் வருவது. ஆனாலும் என் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

அப்பா ஒரு தனியார் கம்பெனியில் கேஷியர். அவர் வாழ்க்கையில் ஓடின ஓட்டமெல்லாம் எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்கத்தான். மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் ரெண்டு ரெண்டாக ஏறுவார். டிபன் பாக்ஸ் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் ஓடுவதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். ட்ரெயினைத் தவறவிட்டதில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

2008 மார்ச். வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். ரெண்டு நாளாக நெஞ்சில் ஏதோ அடைக்கிறது என்றார். "டாக்டர்கிட்ட போலாம்ப்பா" என்றேன். "வாயுடா. ஓமத் தண்ணி குடிச்சா சரியாயிடும். க்ளோஸிங் முடியட்டும்" என்றார். மூன்றாவது நாள் காலையில் வழக்கம்போல அதே படிக்கட்டில் ரெண்டு ரெண்டாக ஏறியிருக்கிறார். ட்ரெயின் போய்விட்டது. அப்பா போகவில்லை. வயசு ஐம்பத்தொன்று.

எனக்கு அப்போது இருபத்தொன்று. பி.காம். கடைசி வருஷம். அந்த ரெண்டு நாளில் நான் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றியிருக்கலாம் என்பதை இன்றைக்கும் எந்தக் கணக்கிலும் என்னால் சரிக்கட்ட முடியவில்லை.

*

ஏழாவது கிலோமீட்டரில், இடது விலாவில் கை வைத்துக்கொண்டு, நான் எனக்குள்ளே சொல்லிக்கொண்ட வார்த்தை என்ன தெரியுமா? "ஒண்ணுமில்லை, வாயு."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயசு இருக்கும். பூப்போட்ட சேலையை முழங்காலுக்குக் கீழே தூக்கிச் செருகியிருந்தார். காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. "என்ன தம்பி, நெஞ்சு வலியா?" என்று நேராகவே கேட்டார். "இல்லம்மா, விலாப் பிடிப்பு" என்றேன். "கை, தாடையெல்லாம் வலிக்குதா? தலை சுத்துதா?" இல்லை என்றேன். "அப்ப நின்னுடாதீங்க. நடங்க. மூச்சை முழுசா வெளியே விடுங்க. விடலேன்னா, அதோ ஆம்புலன்ஸ் நிக்குது, ஏறிடணும். வெட்கப்படக் கூடாது."

கூடவே நடந்தார். தனக்கென்று மூன்று நிமிஷ ஓட்டம், ஒரு நிமிஷ நடை என்று கணக்கு வைத்திருப்பதாகச் சொன்னார். முடியாமல் நடப்பதில்லை, முன்கூட்டியே திட்டம் போட்டு நடப்பது. ஜெஃப் காலோவே என்ற அமெரிக்க ஒலிம்பிக் ஓட்டக்காரர் 1970-களிலேயே இதைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ரெண்டு நிமிஷத்தில் பிடிப்பு விட்டது. அந்த அம்மா, "வரட்டுமா, எனக்கு ஓட்ட டைம் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். கடைசிவரை என்னால் அவரைப் பிடிக்க முடியவில்லை.

ஏழாவது 8.50. எட்டாவது 9.40. உழைப்பாளர் சிலை மறுபடி வந்தது. இந்தத் தடவை நாலு பேரையும் மரியாதையோடு பார்த்தேன். கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு 44 நிமிஷம். மொத்தம் 76. கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள். ஜூனியர் பையன் செல்போனை நீட்டி, "சார், ரெண்டு வார்த்தை!" என்றான்.

"தண்ணி குடு" என்றேன். ரெண்டு வார்த்தைதான்.

*

அன்றைக்கு மத்தியானம், கால் ரெண்டையும் வெந்நீர் பக்கெட்டில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1977-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். சின்னப் பந்தய நேரத்தை வைத்துப் பெரிய பந்தய நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். தூரம் எத்தனை மடங்கோ, அதற்கு 1.06 என்று அடுக்குப் போட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், பத்திலிருந்து நாற்பத்திரண்டுக்குப் போகும்போது தூரம் 4.2 மடங்கு, ஆனால் நேரம் 4.6 மடங்கு. அந்த அதிகப்படி 0.4 இருக்கிறதே, அது களைப்புக்குக் கட்டுகிற வட்டி.

என் 76 நிமிஷத்தை 4.6-ஆல் பெருக்கினால் ஐந்து மணி ஐம்பது நிமிஷம். அதுவும், நாற்பத்திரண்டுக்கு வேண்டிய பயிற்சியைச் செய்து முடித்தவனுக்குத்தான் சூத்திரம் பொருந்தும். நான் அதுவரை ஒரே தடவையில் ஓடின அதிகபட்ச தூரம் எட்டு. கையில் இருந்தது பத்து வாரம். பேலன்ஸ் ஷீட்டை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் டாலி ஆகவில்லை.

சாயங்காலம் கார்டு சாருக்குப் போன் செய்து நேரத்தையெல்லாம் வாசித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார். "காலாண்டுல மார்க் குறைஞ்சாத்தான் பையன் படிப்பான். ஒண்ணு சொல்லுங்க, அப்பாவுக்கு ஹார்ட்டுன்னு என்கிட்ட ஏன் முதல்லயே சொல்லலை?"

பதில் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓட வேண்டாம் என்பார்கள், பிரியாணி வாங்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவு கேவலமான காரணம்தான்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்தேன். ஈ.சி.ஜி., எக்கோ, அப்புறம் மார்பெல்லாம் ஒயர் ஒட்டி ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "இதை ஜூன்லயே செஞ்சிருக்கணும்" என்றார். வீட்டில் யாருக்காவது சின்ன வயசில் மாரடைப்பு வந்திருந்தால், ஷூ வாங்குவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். என் ஷூ 4,800. டாக்டர் செலவு அதைவிடக் குறைவு.

அப்பாவை நினைத்துக்கொண்டேன். அந்த ரெண்டு நாள் வலிதான் அவருக்கு வந்த பத்து கிலோமீட்டர். ரிசல்ட் அவர் கைக்கு வந்தது. பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் படிக்கட்டு ஏறிவிட்டார். எனக்கு வந்த ரிசல்ட்டையாவது பிரித்துப் பார்க்க வேண்டாமா?

பந்தயக்காரர்களுக்கு மெயில் போட்டு, முழு மராத்தானை அரையாக மாற்றிக்கொண்டேன். வித்தியாசப் பணம் போனது போனதுதான்.

திங்கட்கிழமை மதிய மேஜையில் எழுந்து நின்று சொன்னேன். "என்னால இந்த வருஷம் முழுசு முடியாது. அரைதான். ஆறு, ஆறேகால்னு சொன்னதெல்லாம் பொய், ஏழரைதான் என் வேகம். வெள்ளிக்கிழமை பிரியாணி." ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு மானேஜர் கை தட்டினார். பிரியாணிக்கா, உண்மைக்கா என்று தெரியவில்லை. பதினோரு மட்டன் பிரியாணி, ரெண்டு பேருக்கு எக்ஸ்ட்ரா சிக்கன் சிக்ஸ்டிஃபைவ். அந்த பில்லும் இன்கம்டாக்ஸ் ஃபைலில்தான் இருக்கிறது.

*

2025 ஜனவரி. அரை மராத்தான். விசில் அடித்ததும் கூட்ஸ் வண்டி போலக் கிளம்பினேன். எல்லோரும் முந்தினார்கள். தாத்தாக்கள் முந்தினார்கள், செல்ஃபி எடுத்துக்கொண்டே ஓடினவர்கள் முந்தினார்கள், வாழைப்பழ வேஷம் போட்ட ஒருத்தன் முந்தினான். முதல் ரெண்டு கிலோமீட்டரில் என்னைத் தாண்டிப் போனவர்களை எண்ண ஆரம்பித்து, நூற்று நாற்பதோடு விட்டுவிட்டேன்.

2023 அக்டோபரில் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 செகண்டில் மராத்தான் ஓடி உலகசாதனை செய்தபோது, முதல் பாதிக்கு 60 நிமிஷம் 48 செகண்ட், ரெண்டாவது பாதிக்கு 59 நிமிஷம் 47 செகண்ட் எடுத்துக்கொண்டார். அத்தனை பெரிய வேகக்காரனே முதல் பாதியில் ஒரு நிமிஷம் கையிருப்பு வைத்திருந்தான். நாலே மாதத்தில், 2024 பிப்ரவரியில், சாலை விபத்தில் போய்விட்டான். வயசு இருபத்துநாலு. அவனை நினைத்துக்கொண்டுதான் ஓடினேன், அவனுடைய பாதி வேகத்துக்கும் கீழே.

பன்னிரண்டாவது கிலோமீட்டரிலிருந்து நான் ஒவ்வொருத்தராக முந்த ஆரம்பித்தேன். வாழைப்பழம் பதினாறில் தோல் உரிந்து ஓரமாக உட்கார்ந்திருந்தது. ரீகல் சூத்திரப்படி எனக்கு 2 மணி 48 நிமிஷம் ஆக வேண்டும். நான் எடுத்துக்கொண்டது 2 மணி 43. ரெண்டாவது பாதி, முதல் பாதியைவிட ஒரு நிமிஷம் குறைவு. மனைவி நம்பரை நெஞ்சிலிருந்து கழற்றி, நாலு ஊக்குகளையும் எண்ணித் தன் பர்ஸில் போட்டுக்கொண்டாள். அடுத்த தடவைக்கு வேண்டும் என்று அர்த்தம்.

மறுநாள் மதியம், தயிர் சாத நேரத்தில் ஜூனியர் பையன் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தான். "சார், அடுத்த வருஷம் நான் ஓடறேன். நேரா முழுசு!"

"உக்காருடா" என்றேன். "முதல்ல ஒரு பத்து கிலோமீட்டர் ஓடு. முதல் ரெண்டு கிலோமீட்டர்ல எல்லாரும் உன்னை முந்தணும்."

"முந்தலேன்னா?"

மானேஜர் வாயில் சாதத்தோடு நிமிர்ந்தார். "பதினோரு பேருக்கும் மட்டன் பிரியாணி" என்றார்.